இருபத்தொன்பதுக்குப் போட்ட டிக்கெட்

இருபத்தொன்பதாம் இருக்கையின் விளக்கு சிவப்பாக எரிந்தது.

டிரைவரின் முன்னால் ஒரு சின்னப் பலகையில் நாற்பது விளக்குகள் வரிசையாக இருக்கும். இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் சிவப்பு. பெல்ட் போட்டுவிட்டால் பச்சை. ஆளே இல்லையென்றால் எரியாது. விமான நிலையத்தில் கதவை அடைத்தால் நகரத்து நடு நிலையத்தில்தான் திறக்கும் எக்ஸ்பிரஸ் பேருந்து அது. ஐம்பது நிமிஷப் பயணம், நடுவில் நிறுத்தம் கிடையாது. எல்லாப் பயணிகளும் பெல்ட் போட்டுக்கொண்டால்தான் அதிவேகப் பாதையில் ஏறலாம் என்பது விதி.

“கண்டக்டரம்மா, இருபத்தொம்பது பெல்ட் போடல. கொஞ்சம் சொல்லுங்க,” என்றார் டிரைவர்.

கதவோரத்து மடக்கு இருக்கையிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. இருபத்தொன்பதில் ஆள் இல்லை. அந்த இருக்கையைக் காலியாக விட்டுவிட்டுப் பேருந்தைக் கிளப்பச் சொன்னதே அவள்தான்.

“சென்சார் கோளாறா இருக்கும் அண்ணே.”

“காலைல நல்லாத்தானே இருந்துச்சு?”

சாயங்காலம் ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. மழை கண்ணாடியில் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த கோட்டுகளும் நீண்ட பயணத்தின் வியர்வையும் சேர்ந்த வழக்கமான வாடை உள்ளே நிறைந்திருந்தது. அந்த வாடைக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. ஈரத் தலையைக் காயவிடாமல் அப்படியே முடிந்து வைத்தால் வருமே, அந்த வாடை. பின்பக்கத்திலிருந்து வந்தது.

இருபத்தொன்பது அவளுடைய தங்கைக்கு என்று போட்ட டிக்கெட். ஒன்பது வருஷம் கழித்துச் சின்னவள் இன்றைக்கு ஊர் திரும்புகிறாள். ஒரு வாரமாக அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை என்று சொல்லலாம், அம்மாவால் நடக்க முடியுமானால். “உன் பஸ்லயே கூட்டிட்டு வந்துடு. முன்னாடி ஜன்னல் சீட்டா பாத்து வை, அவளுக்குப் பின்னாடி உக்காந்தா குமட்டும்,” என்று நூறு தடவை சொல்லிவிட்டாள். சின்னவளுக்குக் குமட்டும் என்பது அம்மாவுக்கு ஒன்பது வருஷம் கழித்தும் நினைவிருந்தது. மூத்தவளுக்கு முதுகு வலி என்பது நேற்று ராத்திரி சொல்லியும் இன்று காலை மறந்துபோயிருந்தது.

அதனால்தான் அவள் முன்பக்கம் இடமிருந்தும் இருபத்தொன்பதைப் போட்டாள். பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் இருக்கை அது. குலுக்கும் குலுக்கலில் குடல் வாய்க்கு வரும்.

அற்பத்தனம்தான். அவளுக்கே தெரியும். ஆனால் இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை ஒன்பது வருஷமாகத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஷிஃப்டை மாற்றி மாற்றி வாங்கி ஓடிக்கொண்டிருந்தவள் அவள். போன மாதம் சின்னவளுக்காக அவளுடைய அறையைக் காலி செய்யச் சொல்லிப் புது விரிப்பு வாங்கிப் போடவைத்தாள் அம்மா. “நீ ஹால்ல படுத்துக்கோயேன், உனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வந்துடும்.” அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாள். அந்தப் பத்து நிமிஷம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு பூனை மாதிரி அவள் மடியோரம் சாய்ந்திருப்பாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். போன வாரம் அப்படி வாரிக்கொண்டிருந்தபோதே அம்மா வீடியோ காலில் சின்னவளிடம் சொன்னாள்: “நீ வந்து உன் கையால ஒரு தடவை வாரி விடுடி. இவ இழுக்கிற இழுப்புல பாதி முடி போச்சு.” சின்னவள் சிரித்தாள். அம்மா சிரித்தாள். சீப்பும் கையுமாக அவளும் சிரித்துவைத்தாள். வயிறு எரிந்தது. பொறாமை என்று ஒரு சொல்லில் அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

கதவை மூடப்போகிற நேரத்தில் செய்தி வந்தது. ‘அக்கா, பெட்டி இன்னும் வரல. பத்து நிமிஷம் நிறுத்தி வைக்க முடியுமா?’ முடியும். டிக்கெட் போட்ட ஒருவருக்காகப் பத்து நிமிஷம் காத்திருக்கலாம். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்காக நிறுத்தி வைத்திருக்கிறாள். அவள் செல்போனைச் சட்டைப்பையில் போட்டாள். டிக்கெட்டை ரத்து செய்வதென்றால் அலுவலகத்துக்குப் போய் மேற்பார்வையாளரிடம் காரணம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். என்ன காரணம் சொல்வாள்? தங்கச்சியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறேன் என்றா? டிக்கெட்டையும் அதே பைக்குள் செருகினாள். மெஷினில் முப்பத்திரண்டு டிக்கெட். உள்ளே முப்பத்தொரு தலை.

“எல்லாரும் ஏறியாச்சு. போலாம் அண்ணே.”

வராமலே போய்த் தொலைந்தால்தான் என்ன என்று அப்போது மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அவளுடைய குரல்தான்.

“ஆங், பச்சை ஆயிடுச்சு,” என்றார் டிரைவர். “போட்டுட்டாங்க.”

பேருந்து அதிவேகப் பாதையில் ஏறியது.

அவள் எழுந்தாள். கிளம்பியதும் தலை எண்ணி டிப்போவுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் விதி. கட்டைவிரலால் அழுத்துகிற எண்ணும் கருவியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். செல்போனில் முகம் புதைத்தவர்கள், வாயைத் திறந்து தூங்குகிறவர்கள், குழந்தையைத் தட்டிக்கொண்டிருக்கும் ஓர் அப்பா. எட்டாவது வரிசைக்கு வந்ததும் வாடை கெட்டியானது.

இருபத்தொன்பது காலிதான். ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. மாட்டித் தொங்கவில்லை. ஓர் இடுப்பைச் சுற்றிப் பிடித்த மாதிரி முன்னால் வளைந்து, விறைப்பாக நின்றது. மெதுவாகத் தளர்ந்தது. மெதுவாக விறைத்தது. தூங்குகிற ஒருவரின் மூச்சுக்கு ஏற்ப அசைவது போல.

பக்கத்தில் முப்பதாம் இருக்கையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி, மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முழங்காலை நடைபாதைப் பக்கமாகத் திருப்பி, முழங்கையை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார்.

“தள்ளி நல்லா உக்காரலாமே சார்?” என்றாள்.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஆள் இருக்காங்களே,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தூங்குறாங்க. ரொம்ப தூரம் வந்திருக்காங்க போல.”

அவள் திரும்பி நடந்தாள். ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். முப்பத்திரண்டு. எட்டாவது வரிசையில் எத்தனை முறை அழுத்தினோம் என்று யோசித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்குத்தான் தெரியும்.

“தலை எவ்வளவு? டிப்போல கேக்குறாங்க,” என்று வயர்லெஸ்ஸைக் காட்டினார் டிரைவர்.

முப்பத்தொன்று என்று சொன்னால் போதும். கணக்கு இடிக்கிறது என்று அடுத்த அவசர ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்துவார்கள். கதவு திறக்கும். வெளிச்சமும் மழையும் மனிதர்களும் உள்ளே வருவார்கள். யாருக்குப் போட்ட டிக்கெட், அவர் எங்கே, ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பார்கள். எல்லாருக்கும் தெரிந்துபோகும். அம்மாவுக்கும் தெரிந்துபோகும். அம்மா ஒன்றும் திட்ட மாட்டாள். ‘இவ்வளவுதானா நீ’ என்று ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

“முப்பத்திரண்டு,” என்றாள்.

“முப்பத்திரண்டு, சரி,” என்றது வயர்லெஸ். ஏறியவர் முப்பத்திரண்டு பேர் என்று எழுதியாகிவிட்டது.

சுரங்கப்பாதை வந்தது. மழைச் சத்தம் கத்தரித்தது போல நின்றுபோனது. மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, எல்லார் மேலும் ஏறி இறங்கி, பின்னால் ஓடின. வெளியே கருப்பாகிவிட்டதால் ஜன்னல்கள் உள்ளே இருப்பதைக் காட்டத் தொடங்கின. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே மடக்கு இருக்கையிலிருந்து தலையைத் திருப்பி எட்டாவது ஜன்னலைப் பார்த்தாள்.

கண்ணாடியில் விற்பனைப் பிரதிநிதி தெரிந்தார். அவருடைய பெட்டி தெரிந்தது. அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தலை. ஈரமான, நீளமான முடி. ஜன்னலில் சாய்ந்து, முகத்தைக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டு.

கண்ணாடிக்கு முகம் காட்டினால் கண்ணாடியில் முகம் தெரிய வேண்டும்.

முடிதான் தெரிந்தது. அந்தப் பக்கமும் முடி.

ஒரு விளக்கு. இருட்டு. ஒரு விளக்கு. இருட்டு.

தலை நிமிர்ந்தது.

“மேடம்.” விற்பனைப் பிரதிநிதி கையை உயர்த்தி அழைத்தார், தண்ணீர் பாட்டில் கேட்கிற மாதிரி சாதாரணமாக. “இவங்க உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். அம்மாவுக்கு எந்தச் சீப்புன்னு கேக்குறாங்க.”

பதினோரு வருஷமாகப் பயணிகள் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிப் பழகிய வாய். கழிப்பறை எங்கே, அடுத்த வண்டி எப்போது, ரயிலுக்கு எந்தப் பக்கம். கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிடும். இப்போதும் வந்துவிட்டது.

“பச்சைச் சீப்பு. அகலப் பல்லு. அலமாரில மேல் தட்டு.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

“தேங்க்ஸ் சொல்றாங்க,” என்றார் அவர்.

அதன்பிறகு அவள் திரும்பவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கம் முடிந்தது. மழை. பாலம். முதல் சிக்னல். நடு நிலையத்தின் கூரை.

கதவு திறந்தது. பக்கத்தில் நின்று, வழக்கம்போல, இறங்குகிறவர்களை எண்ணினாள். குழந்தையும் அப்பாவும். கோட்டுக்காரர்கள். முப்பது. கடைசியாக விற்பனைப் பிரதிநிதி. முப்பத்தொன்று. அவர் இறங்கி நின்று, பின்னால் திரும்பி, படியை நோக்கிக் கையை நீட்டினார்.

“பாத்து இறங்குங்க. வழுக்கும்.”

அவள் கன்னத்தில் ஈரமாக ஏதோ உரசிக்கொண்டு போனது. முடி.

கட்டைவிரல் தானாக அழுத்தியது. முப்பத்திரண்டு.

டிரைவர் முன்னால் இருந்த பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. “எல்லாரும் இறங்கியாச்சு,” என்று கொட்டாவி விட்டார் அவர். 

செல்போனை எடுத்தாள். சின்னவளிடமிருந்து ஏழு அழைப்புகள். எட்டாவது, கையில் இருக்கும்போதே வந்தது.

“அக்கா! பஸ் போயிடுச்சுன்னு சொன்னாங்க. உன்னை நிறுத்த விட்டிருக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். பரவாயில்லக்கா, பெட்டி இப்பதான் வந்துச்சு, அடுத்த பஸ்ல வர்றேன்.” பின்னணியில் விமான நிலையத்து அறிவிப்பு கேட்டது. “அக்கா, உன் முதுகுக்கு ஒரு பெல்ட் வாங்கிட்டு வந்திருக்கேன். அம்மாவைத் தூக்கும்போது போட்டுக்கலாம். போன்ல நீ ஒரு தடவை சொன்னியே.”

அவள் நிலையத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வருஷமாக ஒருத்தரும் கேட்காத முதுகு. சின்னவள் பத்திரமாக இருக்கிறாள், அங்கேதான் இருக்கிறாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தங்கை மேல் எரிச்சலே இல்லை.

“வா,” என்றாள். “வாடி, நான் இங்கேயே நிக்கிறேன்.”

வைத்த உடனே மறுபடியும் மணி அடித்தது. அம்மா. வீடியோ.

திரையில் அம்மாவின் முகம் பூத்திருந்தது. பின்னால் அவளுடைய அறை, அவளுடைய கட்டில், புது விரிப்பு. யாரோ அம்மாவை அங்கே தூக்கி உட்காரவைத்திருந்தார்கள்.

“வந்துட்டாடி!” என்றாள் அம்மா. “நீ ஏன் கூட வரல?”

நிலையத்திலிருந்து வீட்டுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும். பேருந்துக் கதவு திறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“அம்மா. யாரும்மா வந்தது?”

“இது என்னடி கேள்வி? நீதானே அனுப்பி வச்சே. டிக்கெட் காட்டினாளே.” அம்மா ஒரு துண்டுக் காகிதத்தை ஆட்டினாள். இங்கே அவள் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாள். பை காலியாக இருந்தது. பையின் அடி ஈரமாக இருந்தது. “இனிமே எல்லாம் இவளே பாத்துக்குவாளாம். உனக்கு ரெஸ்டு. நீ வரவே வேணாமாம்.”

அம்மாவின் தோளுக்கு மேலாக இரண்டு கைகள் வந்தன. வெளுத்து ஊறிய விரல்கள். ஒன்றில் பச்சைச் சீப்பு. பின்னந்தலையிலிருந்து ஆரம்பித்து, உச்சி வழியாக, நெற்றி வழியாக, முடியை முன்பக்கமாக வாரி இறக்கின. ஒரு வாரல். அம்மாவின் நெற்றி மறைந்தது. இன்னொரு வாரல். கண்கள் மறைந்தன.

“அம்மா, எந்திரிம்மா! அம்மா!”

“எவ்வளவு பதமான கை தெரியுமா?” அம்மாவின் குரல் கிறங்கியிருந்தது. “இழுக்கிறதே தெரியல.”

இன்னொரு வாரல். மூக்கு. வாய்.

அம்மா தலையைப் பின்னால் திருப்பி, வந்தவள் மேல் சாய்ந்தாள், பூனை மாதிரி.

இந்தப் பக்கம் முடி. அந்தப் பக்கமும் முடி. உள்ளேயிருந்து அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.