சுண்ணாம்புக் குழியில் வேடியப்பன்

ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்குகிறவனை ஊர்க்காரர்களுக்கு முன்னால் வாடைதான் வந்து வரவேற்கும். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிக் கலந்த வாடை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். உள்ளூர்க்காரன் பொத்தமாட்டான். சோறு போடுகிற வாடைக்கு யாராவது மூக்கைப் பொத்துவார்களா?

ரஃபி அகமது உள்ளூர்க்காரன். பட்டணத்தில், பெரியமேட்டுத் தோல் மண்டி ஒன்றில் குமாஸ்தா வேலை. அண்ணன் மக்பூல் அகமதுவின் டேனரி, தோல் பதனிடும் தொழிற்சாலை, பாலாற்றங்கரையில் இருந்தது. 'உடனே வந்து அண்ணனை அழைத்துப் போகவும்' என்று டேனரி மேஸ்திரி லோகநாதன் தந்தி அடித்திருந்ததால், மாற்றுத் துணிகூட எடுக்காமல் ரயில் ஏறிவிட்டான். தகப்பன் இல்லாத வீட்டில் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் மக்பூல்.

ஜட்கா வண்டியை விட்டு டேனரி வாசலில் இறங்கியதும் அவனுக்கு ஏதோ பிசகாகப் பட்டது. வாடை இல்லை.

சுண்ணாம்பு இல்லை, பட்டை இல்லை, அழுகல் இல்லை. அதற்குப் பதிலாக வைக்கோலும் சாணமும் கறந்த பாலும் மணத்தன. மாடுகளைத் தோலாக மட்டுமே பார்த்த மதிலுக்குள்ளிருந்து நிறைந்த தொழுவத்தின் மணம் வந்தது.

லோகநாதன் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே கால் வைக்க அவருக்கு மனமில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"இன்னா மேஸ்திரி, ஆளுங்க எங்க?"

"போய்ட்டாங்க சின்ன முதலாளி. கூலி ஜாஸ்தி குடுத்தாலும் வரமாட்டேன்றாங்க."

"பாய்ஜான்?" என்று அண்ணனை விசாரித்தான் ரஃபி.

"குழிகிட்ட குந்திகினு கீறாரு. எழுந்துக்கவே மாட்டேன்றாரு. நான் சொன்னா கேக்கல. நீங்க சொன்னாலாவது..."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு நடுகல் நின்றிருந்தது. வில்லைப் பிடித்த வீரன், உடம்பெல்லாம் தைத்த அம்புகள், காலடியில் ஒரு பசு, தலைக்கு மேல் பழைய எழுத்து. ஊர்க்காரர்கள் அவனை வேடியப்பன் என்றார்கள். மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளை அவன் முன்னால் சற்று நிறுத்தி, கொஞ்சம் பால் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டுவார்கள். சில வருடங்களுக்கு முன் சர்க்கார் ஆள் ஒருவர் வந்தார். கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை தடவி, எழுத்தைப் படி எடுத்தார். மந்தையைக் கவர்ந்து போனவர்களை மறித்து, மாடுகளை மீட்டுவிட்டுச் செத்தவன் இவன் என்று ஊராருக்குப் படித்துச் சொன்னார். கல்லின் முதுகில் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டு, தொட்டால் தண்டனை என்று பலகையும் நட்டுவிட்டுப் போனார். பலகையைக் கரையான் தின்றது. சர்க்காரின் பாதுகாப்பு அவ்வளவுதான்.

மக்பூலின் பெரிய சுண்ணாம்புக் குழி அடியில் வெடித்து, சுண்ணாம்புத் தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் போட அகலமான ஒரே கல் தேவைப்பட்டது. ஊர் முழுக்கத் திருவிழாவுக்குப் போயிருந்த சமயம் பார்த்து வண்டி கட்டி, நடுகல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டான்.

"மூஞ்சிய மண்ணுல கவுக்கறது பாவம்னு நான்தான் சொன்னேன்," என்றார் லோகநாதன். "மல்லாக்கப் போட்டோம். சுண்ணாம்புக்கு அடியில எவன் பாக்கப்போறான்னு முதலாளியும் சரின்னுட்டாரு."

மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். மாடுகளுக்காக உயிரை விட்டவனை மல்லாக்கக் கிடத்தி, அவன் மார்பின் மேலேயே மாட்டுத் தோலை அடுக்கியிருக்கிறார்கள்.

ரஃபி உள்ளே போனான்.

மக்பூல் குழியின் விளிம்பில், தோல் இழுக்கும் இரும்புக் கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடி கலைந்து கிடந்தது. தம்பியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே இறுகியது.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இதப் பாரு."

கொக்கியைக் குழிக்குள் விட்டு ஒரு தோலை இழுத்துப் போட்டான். சுண்ணாம்பில் ஊறிய தோல் வெளுத்து உப்பியிருக்கும். விரலால் வழித்தாலே மயிர் கழன்று வரும். பிறந்ததிலிருந்து ரஃபி பார்த்து வந்தது அது.

இந்தத் தோலில் மயிர் செவலையாக, அடர்த்தியாக, நக்கிவிட்டதுபோல் படிந்திருந்தது. ரஃபி உள்ளங்கையை வைத்தான்.

சூடாக இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இப்ப எல்லாமே இப்டிதான்," என்றான் மக்பூல். "காயப்போட்டா பொழுது சாயறதுக்குள்ள காணாப்பூடுது. அவன் ஓட்டிகினு போறான் ரஃபி. மாடு வூடு திரும்புற நேரத்துக்கு வர்றான்."

"பாய்ஜான், விட்டுத் தொலைங்க. பட்டணத்துக்குப் போலாம் வாங்க."

"என் சரக்கு இது! எவனோ செத்துப்போனவன் வந்து ஓட்டிகினு போவான், நான் பாத்துகினு இருக்கணுமா?"

மக்பூல் கோபத்தில் திரும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டிக் கிழிந்திருப்பதை ரஃபி பார்த்தான். கிழிசலுக்குள் கன்றிச் சிவந்த தடங்கள் தெரிந்தன. வண்டிமாட்டின் முதுகில் சாட்டை பதிந்தால் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் ரஃபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணனைச் சுமந்தாவது அன்றைக்கே கொண்டுபோய்விட வேண்டும் என்று முடிவு செய்தான். ஆனால் மக்பூலை அந்த விளிம்பிலிருந்து அசைக்க முடியவில்லை. கல் அங்கே இருக்கும்வரை அவனும் எழுந்திருக்கமாட்டான் போலிருந்தது.

உச்சி வெயிலில் ரஃபி ஆற்று மணலைக் கடந்து அந்தக் கரைக்குப் போனான். மேய்ச்சல்காரர்களுக்குத் தனகோடி என்ற பெண்தான் தலைவி மாதிரி. கையில் புல்லறுக்கும் அரிவாளோடு நின்றாள். அவன் யாரென்று தெரிந்ததும் பக்கத்தில் காறித் துப்பினாள்.

"கல்லைத் திருப்பிக் குடுத்துடறோம்," என்றான் ரஃபி. "ஆளுங்களைக் கூட்டிகினு வாங்கம்மா. இருந்த எடத்துலயே நட்டுடலாம். எங்க அண்ணன் பொழைச்சாப் போதும்."

"கல்ல நட்டுடலாம் சாயபு. மந்தைய எங்கருந்து கொண்டாருவ?"

"எந்த மந்தைம்மா?" என்று கேட்டான் ரஃபி.

"அவன் மேல போட்டு ஊற வெச்சீங்களே, அதெல்லாம் இப்ப எங்க?"

ஆரம்பத்தில் ஊறியதெல்லாம் கப்பலேறிப் போயிருந்தது. சீமையில் யார் யார் காலிலோ பூட்ஸாக நடந்துகொண்டிருக்கும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"மாட்டப் புடிச்சிகினு போனவன வேடியப்பன் சும்மா விட்டதில்ல," என்றாள் தனகோடி. "உங்க அண்ணனுக்காக நான் வரல. எங்க சாமிக்காக வர்றேன்."

கயிறும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்தார்கள். குழியில் கிடந்த தோல்களையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுவிட்டு, சுண்ணாம்புத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்தார்கள். மக்பூல் அவர்களைத் தடுக்கவில்லை. குவிந்து கிடந்த தோல்களின் பக்கத்தில் நின்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் மஞ்சளாகி, மதிலின் நிழல் முற்றத்தில் நீளத் தொடங்கியபோது கல் விளிம்புக்கு ஏறியது. லோகநாதன் ஒரு குடம் நல்ல தண்ணீரை அதன் மேல் ஊற்றினார்.

ஊற்றியவர் பின்வாங்கினார்.

எழுத்து இருந்தது. காலடியில் பசு இருந்தது. வீரன் இருந்த இடத்தில் ஆளின் வடிவத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. யாரும் செதுக்கி எடுத்த அடையாளம் இல்லை. படுத்திருந்தவன் எழுந்து போன பாய்போல இருந்தது.

"எங்க அவன்?" என்று ரஃபி கிசுகிசுத்தான்.

தனகோடி பள்ளத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

எங்கோ ஒரு மணி கிணுகிணுத்தது.

மாட்டின் கழுத்து மணி.

சத்தம் மதிலுக்கு வெளியிலிருந்து வரவில்லை. அவர்களுக்கு நடுவிலிருந்து வந்தது. காற்றே இல்லாத முற்றத்தில் புழுதி கிளம்பியது. முதலில் கணுக்கால் உயரம், பிறகு இடுப்பு, பிறகு முகம். எதிரில் நின்றவர்கள் மறைந்துபோனார்கள். புழுதிக்குள் கனத்த மூச்சுகள் கேட்டன. குவியலாகக் கிடந்த தோல்கள் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தன.

"என் சரக்கு!" என்று கத்திக்கொண்டு மக்பூல் கொக்கியோடு பாய்ந்தான்.

ரஃபி குறுக்கே விழுந்து அவன் கையைப் பிடித்துவிட்டான். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தான்.

"பாய்ஜான், என்கூட வந்துடுங்க. அல்லாவுக்காக வந்துடுங்க!"

"விடாத ரஃபி," என்றது அண்ணனின் குரல், சிறு பிள்ளையின் பயத்தோடு. "அடிக்கிறான். விடாத."

சுளீரென்று சாட்டை விழும் சத்தம் கேட்டது.

ரஃபியின் பிடிக்குள் இருந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

கெட்டியாயின.

மணிக்கட்டில் மயிர் முளைத்து அவன் உள்ளங்கையைக் குத்தியது. பிடித்திருந்தது கையே இல்லை. அது ஒருமுறை உதைத்தது. ரஃபி மண்ணில் போய் விழுந்தான்.

புழுதி அடங்கியபோது முற்றத்தில் தோல் ஒன்றுகூட இல்லை. மக்பூலும் இல்லை. கொக்கி மட்டும் கிடந்தது. வாசலிலிருந்து ஆற்று மணல் வரைக்கும் குளம்புத் தடங்கள் போயின. ஒரு மனிதக் கால்தடமாவது இருக்குமென்று ரஃபி லாந்தரோடு குனிந்து குனிந்து தேடினான். கிடைக்கவில்லை.

கல்லை அதன் மேட்டிலேயே நட்டார்கள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது. போலீஸ்காரர்கள் பாலாற்று மடுக்களில் வலை போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரஃபி பட்டணத்துக்குத் திரும்பவில்லை. டேனரியைப் பூட்டிவிட்டு, பித்துப் பிடித்தவன்போல் ஆற்றங்கரையிலேயே சுற்றினான். கடைசியில் ஒரு மாலை தனகோடியின் முன்னால் போய் நின்றான்.

"உங்க மந்தையில புதுசா ஏதாச்சும் மாடு வந்து சேர்ந்துச்சாம்மா?"

அவள் அன்றைக்குத் துப்பவில்லை. அவன் கோலத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும்.

"செவல ஒண்ணு வந்துச்சு. எவன் மாடுன்னு தெரில. மேட்டுகிட்ட நில்லு, தானா வரும். கூப்புட்டுப் பாரு."

இருவரும் நடுகல்லின் பக்கத்தில் நின்றார்கள். மேற்கே செம்புழுதி எழுந்தது. மாடுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நெருக்கியடித்து வந்தன. பாதிக்கு மேல் செவலையாகவே இருந்தன. எது என்று ரஃபிக்குத் தெரியவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டான்.

"பாய்ஜான்!"

மந்தை நின்றது.

எல்லா மாடுகளும் ஒன்றாகத் தலையைத் தூக்கி அவனையே பார்த்தன.

ரஃபி தனகோடியின் பக்கம் திரும்பினான்.

"சாயபு," என்றாள், உதடு அசையாமல். "இன்னைக்கி மாட்டோட யாரையும் நான் அனுப்பல."

புழுதிக்குப் பின்னால் யாரோ நாக்கைச் சொடுக்கினார்கள். மந்தை மறுபடி நடக்கத் தொடங்கியது, நேராக ரஃபியை நோக்கி.