சுவரைப் பார்த்த நாற்காலி

சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகளில் ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அவள் பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள். குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம், மாடி வீட்டில் யாரோ செருப்பை இழுத்து நடக்கும் சத்தம், இன்னும் திரைச்சீலையை விட்டுப் போகாத, காலையில் வதக்கிய வெங்காயத்தின் வாசனை, எல்லாம் எப்போதும்போல இருந்தன. அந்த நாற்காலி மட்டும் கோபித்துக்கொண்ட விருந்தாளியைப்போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆறு வயது மகளின் வேலையாக இருக்கும் என்று இழுத்து நேராக்கினாள்.

"ஏன் திருப்பின?" என்று சமையலறையிலிருந்து கணவன் கேட்டான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன்.

"நீங்களா வச்சீங்க?"

"ஆமா. சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி இருந்தா வீட்ல சண்டை வராதாம். இன்னிக்கு வேலைக்குப் போன அபார்ட்மென்ட்ல அத்தனை வீட்லயும் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அது நான் எழுதினதுங்க."

"எது?"

"நீங்க சொன்னதுதான். ஆராய்ச்சிக்காக நானே கட்டிவிட்ட பொய். அப்படி ஒரு பழக்கமே உலகத்துல கிடையாது."

"லிஃப்டையும் நீதானே கண்டுபிடிச்ச?" கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "எங்க அம்மா வச்சிருந்தாங்கடி. நான் சின்னப் பையனா இருக்கறப்பவே."

நாற்காலியை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போனான். மகள் குட்டி, உள்ளறைக் கதவின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பொய்யை எத்தனை பேர் சொல்லிக் கேட்டால் மனிதர் நம்புகிறார் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பங்கேற்க ஒப்புக்கொண்டவர்களைச் சேர்த்துக் கைபேசியில் ஒரு மூடிய குழு. அதற்குள் அவளே நடத்திய போலிக் கணக்குகள்: ஓய்வுபெற்ற ஆசிரியை, மருத்துவமனை நர்ஸ், கடைக்காரர். எல்லாரும் ஒரே விஷயத்தை அவரவர் பாணியில் சொல்வார்கள். அந்த விஷயம் யாரையும் காயப்படுத்தக்கூடாது. யாரும் முன்பு கேட்டிருக்கக் கூடாது. ஒரு தேநீர் வேளையில் அது அவளுக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் அவளுடைய துறை அலுவலகத்தின் மூலையில் பின்கால் உடைந்து ஆடும் நாற்காலி ஒன்று கிடந்தது. தெரியாமல் யாரும் உட்கார்ந்து விழுந்துவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எழுதினாள். அன்று தேநீர் ஆறிப்போயிருந்ததுகூட நினைவிருக்கிறது.

ஆராய்ச்சி முடிந்ததும் பங்கேற்றவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அங்கேதான் தவறினாள். மறுப்புக் குறிப்பின் முதல் வரியில், தடித்த எழுத்தில், அந்தப் பொய்யை முழுசாகப் போட்டாள். கீழே, 'இது உண்மையல்ல.' இப்படி எழுதக் கூடாதென்று வருடாவருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் அவள். மறுக்கும்போதும் பொய் இன்னொரு முறை காதில் விழுகிறது. நாளாக ஆக 'அல்ல' உதிர்ந்துவிடும், பொய் தங்கிவிடும். ஆனாலும் முழு வாசகம் வேண்டுமென்று ஆராய்ச்சி நெறிமுறைக் குழு கேட்டது, அவசரம், அனுப்பிவிட்டாள்.

வீட்டில் நாற்காலியைப் பார்த்த மறுநாள் கடைசிச் சுற்றுப் பதில்கள் வந்திருந்தன. துறையின் புள்ளியியல்காரரை எல்லாரும் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மேடம், என் சர்வீஸ்ல இப்படி ஒரு டேட்டா பார்த்ததில்ல. எல்லாரும் நம்பறாங்க. ஒருத்தர்கூட பாக்கி இல்ல."

"மறுப்பு அனுப்பின பிறகுமா?"

"அனுப்பின பிறகுதான்."

முதன்முதலில் இதை யார் சொல்லிக் கேட்டீர்கள் என்ற கேள்விக்கு, கைபேசிக் குழு என்று எவரும் எழுதவில்லை. அம்மா. அம்மா. அம்மா. பக்கம் முழுக்க ஒரே சொல் கீழே கீழே இறங்கிப் போனது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற இடத்தில், இப்போது வீட்டில் சண்டை இல்லை என்று எழுதியிருந்தார்கள். பிறகு, இப்போது வீட்டில் சத்தம் இல்லை. பிறகு, நாற்காலிக்கு முன்னால் போய்ப் பார்க்கக் கூடாது.

"இது யாரு சேர்த்தது? இந்த மாதிரி எதையும் நாம குழுவுல போடலயே."

"நாம போடல மேடம்."

அவள் மூலைக்குப் போனாள். நாற்காலி அங்கேயே இருந்தது. குனிந்து பின்காலைப் பிடித்து ஆட்டினாள். ஆடவில்லை. மற்றக் கால்களையும். நான்கும் உறுதியாக இருந்தன.

"இதை எப்ப சரி பண்ணாங்க?"

"அதுக்கு என்ன கேடு? நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிலேர்ந்து அப்படியேதான் இருக்கு. பழைய துறைத் தலைவர் யாரையும் தொட விடமாட்டார்."

"உடைஞ்ச நாற்காலி புள்ளி, இது. நீங்கதானே ஒரு தடவ விழப் பார்த்தீங்க?"

அவர் முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்சம் பரிதாபமாக.

அன்று மாலையே இரண்டாவது மறுப்பை எழுதினாள். இந்த முறை குழுவுக்கு மட்டும் அல்ல. துறையின் பொதுப்பக்கம், குடியிருப்புகளின் குழுக்கள், பள்ளிப் பெற்றோர் குழுக்கள், கை எட்டிய இடத்துக்கெல்லாம். எல்லாரும் வீட்டிலிருக்கும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தானாகப் போகும்படி அமைத்தாள். பொய்யைச் சொல்லாமல் மறுக்க எவ்வளவோ முயன்றாள். அப்படி எழுதினால் எதை மறுக்கிறாள் என்றே புரியவில்லை. கடைசியில் முதல் வரியில் அதையே போட்டாள்.

"எரியற அடுப்புல எண்ணெய ஊத்தறீங்க," என்றார் புள்ளி.

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

குடியிருப்பின் படிகளில் ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது, எந்த வீட்டிலும் தொலைக்காட்சி ஓடவில்லை, எந்தக் குழந்தையும் அழவில்லை, வழக்கமாகப் பாத்திரத்தை உருட்டி மாமியாரிடம் கோபத்தைக் காட்டும் இரண்டாம் மாடிப் பெண்ணின் சமையலறையில்கூடத் தண்ணீர் ஊற்றும் ஓசை மட்டும், அதுவும் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்லிய நூலாக, வந்துகொண்டிருந்தது. திறந்திருந்த கதவுகளின் உள்ளே ஈரத் துணியின் வாசனை. விளக்கொளி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்காலியின் முதுகு.

அவளுடைய வீட்டிலும் யாரும் பேசவில்லை. தட்டில் எதை வைத்தாலும் வாதாடுகிற குட்டி, குனிந்து, மெல்லும் ஓசை வராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் தட்டிலேயே இருந்தது.

"ஏன்டா பேசமாட்டேங்கற?"

"கேட்டுக்கிட்டு இருக்காங்க," என்றாள் குட்டி, உதட்டை அசைக்காமல்.

"யாரு?"

கணவன், "சாப்பிடறப்ப எதுக்கு?" என்றான், தாழ்ந்த குரலில்.

அவள் எழுந்து அக்காவுக்கு ஃபோன் செய்தாள். சாட்சி வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும்.

"அக்கா, நம்ம வீட்ல சுவரைப் பார்த்து நாற்காலி இருந்ததா? இல்லதானே?"

அக்கா சிரித்தாள். "மறந்துட்டியாடி? பச்ச பெயின்ட் அடிச்ச நாற்காலி. நீ ஒரு நாள் முன்னாடி போய் எட்டிப் பார்த்துட்டு ஜுரத்துல விழுந்தியே. ஒரு வாரம் பேச்சே வரலயே உனக்கு."

"அப்படி எதுவும் நடக்கல."

"அம்மா அழுதது இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

பச்சை நாற்காலி. அவள் அதை நினைக்க விரும்பவில்லை. ஆனால் அது வந்தது. முதலில் நிறம். பிறகு சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், வாயில் காய்ச்சலின் கசப்பு. இல்லாத நினைவை மனத்தில் நட முடியும் என்று அவளுக்குத் தெரியும். எப்படி நடுவது என்பதற்குப் படிப்படியாக ஒரு பாடமே எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு படிக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. பெயர் தெரிந்திருந்ததால் எதுவும் நின்றுவிடவில்லை.

ஃபோனை மேசையில் வைத்தாள்.

குட்டியையாவது காப்பாற்ற வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு நினைவு வேண்டாம்.

"குட்டி, இங்க பாரு. அம்மா இதைத் திருப்பப் போறேன். இதுல யாரும் இல்ல."

நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தாள்.

நகரவில்லை.

நேற்று ஒரு கையால் இழுத்த நாற்காலி. இரண்டு கையாலும் இழுத்தாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

"விடு," என்றான் கணவன். அவன் சுவரைப் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. இதுல ஒண்ணும் இல்ல. நான் எழுதினது இது. யாரும் இல்ல—"

"அம்மா, சொல்லாத!"

குட்டி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இல்ல இல்லன்னு சொல்லாதம்மா. நீ சொல்றப்பல்லாம் அவங்க கொஞ்சம் திரும்பறாங்க."

அவள் கை நாற்காலியை விட்டது.

"நேத்து நீ அப்பாகிட்ட சொன்னப்ப திரும்பினாங்க. இப்ப பெரியம்மாகிட்ட சொன்னப்பவும். முன்னாடி முடி மட்டும்தான் தெரிஞ்சுது."

நாற்காலி காலியாக இருந்தது. அவள் கண்ணுக்குக் காலியாக இருந்தது. அப்படித்தான் இருந்தது.

"இப்ப?" என்று கேட்டாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"காது தெரியுது."

குழாய் சொட்டியது.

மறுப்பு.

சாப்பாட்டு நேரம். அவள் ஃபோனுக்குப் பாய்ந்தாள். விரல் வழுக்கியது. பூட்டுத் திறக்கவில்லை. மறுபடியும். திறந்தது. நிறுத்து. நிறுத்து. எங்கே—

அவள் கையிலேயே அது ஒலித்தது.

கணவனுடைய பையில் ஒலித்தது. பக்கத்து வீட்டில். கீழ் வீட்டில். அதற்குக் கீழே. மாடியில். தெருவுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் ஜன்னலாக, சின்னச் சின்ன மணிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பிறகு ஓய்ந்தன. எல்லா வீட்டிலும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மாடியில் கேட்டது. மரம் கிறீச்சிடும் சத்தம். உட்கார்ந்திருப்பவர் இருந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பும்போது வருமே, அது. பிறகு கீழ் வீட்டில். பக்கத்தில். எதிரில். நிதானமாக. எல்லாம் ஒரே திசையில்.

குட்டி தன் நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு கைகளாலும் அம்மாவின் கண்களைப் பொத்தினாள்.

சின்னக் கைகள். விரல்களுக்கிடையே இடைவெளி இருந்தது.

அதன் வழியே ஒரு காது. பிறகு கன்னம். கன்னத்தில், மெல்ல மெல்ல விரியும் புன்னகையின் ஓரம்.