எந்தக் கால் வலிக்கிறது?

அந்த வீட்டில் வால் இல்லாத பிள்ளை அவள் ஒருத்திதான். ஆனாலும் வாலு என்ற பட்டப்பெயர் அவளுக்குத்தான் வாய்த்தது. காரணத்தை அவளிடமே கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும்?" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வாள்.

வாலுவுக்கு வயது பத்து. அம்மா, அப்பா இரண்டு பேரும் கால்நடை மருத்துவர்கள். கட்டடத்தின் முன்பாதி மருத்துவமனை, பின்பாதி வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு. கதவில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி.

மருத்துவமனைக்கு வரும் விலங்குகளில், திரும்ப அழைத்துப் போக ஆள் இல்லாதவை மெல்ல அந்தக் கதவைத் தாண்டி வீட்டுக்குள் குடியேறிவிடும். இதுதான் கடைசி, இனிமேல் ஒன்றுகூடக் கிடையாது என்று அப்பா ஒவ்வொரு முறையும் கண்டிப்பாகச் சொல்வார். அப்படிச் சொல்லிச் சொல்லியே நான்கு சேர்ந்துவிட்டன.

மூன்று கால் பூனைக்கு முக்காலி என்று பெயர். ஓட்டில் விரிசலோடு வந்த ஆமைக்கு அவசரம் என்று பெயர் வைத்தது அப்பா. ஒற்றைக் காது முயலுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர், முகவாய் நரைத்த ஒரு பழுப்பு நிற நாய். வாலு பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு யாரோ வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போன நாய் அது. வயதாக ஆகப் பெரியவர் என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. பெயருக்கு ஏற்ற மரியாதையும் கூடவே வந்துவிட்டது. பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவர் தூங்குகிறாரா என்றுதான் வீட்டில் பேச்சு.

அந்தப் பெரியவர்தான் இரண்டு வாரமாக நொண்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு விலங்குகளில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், சமையலறைக் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். யார் பார்த்தாலும் பார்த்ததை அதில் எழுத வேண்டும். முதல் நாள் காலையில் அம்மா, 'இடது பின்னங்கால்' என்று எழுதினார். அன்று மாலை அப்பா, 'வலது பின்னங்கால்' என்று எழுதினார்.

"இடது வலது தெரியாமலேயே டாக்டர் ஆயிட்டீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"நான் நாயைப் பார்த்துதான் எழுதினேன். டாக்டரம்மா எதைப் பார்த்து எழுதினாங்களோ," என்றார் அப்பா.

ஒரு வாரம் இந்தக் கேலி ஓடியது. மறுவாரம் அம்மா வலது என்று எழுத, அப்பா இடது என்று எழுத, இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு குறைந்துவிட்டது. காலைத் தொட்டுப் பார்த்தால் வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. வலி காலுக்குக் கால் மாறுகிறது என்றால், கோளாறு காலில் இல்லை, முதுகெலும்பில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அப்பா விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை காலை பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முதுகை ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரியவர் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து கொடுப்பார்கள்.

"அவருக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். இந்த வயசுல மயக்கம் கொடுத்தா, திரும்ப எழுந்து…" என்று ஆரம்பித்த அப்பா, வாலு பார்ப்பதைக் கண்டதும் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டார்.

சொல்லாமல் விட்டது வாலுவுக்கு நன்றாகவே புரிந்தது. அதற்கு மேல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் பெரியவரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில், சுவரோரம் சாய்ந்து வீட்டுப்பாடத்தை விரித்தாள். பெரியவர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் கண் விழித்தார். எழுந்து, உடம்பை முறுக்கிச் சோம்பல் முறித்தார். மேசைக்கு அடியில் ஆள் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய் முக்காலியின் தட்டில் மிச்சம் இருந்ததை நக்கிவிட்டு, ஏறக்கூடாத சோபாவில் ஒரே தாவில் ஏறி உட்கார்ந்தார். நான்கு கால்களும் ஜோராக வேலை செய்தன.

வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவர் சோபாவிலிருந்து குதித்தார். கதவுக்கு நேரே போய் நின்றார். இடது பின்னங்காலைத் தூக்கினார். ஏதோ யோசித்தவர்போல அதைக் கீழே வைத்துவிட்டு வலது பின்னங்காலைத் தூக்கினார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஓரக்கண்ணால் கதவைப் பார்த்தார். கதவு திறக்கவில்லை, செருப்புச் சத்தம் விலகிப் போய்விட்டது.

அந்த ஓரக்கண் பார்வை வாலுவுக்கு மிகவும் பழக்கமானது. போன மாதம் குளியலறைக் கண்ணாடியில் அவள் அதே பார்வையைத்தான் பார்த்திருந்தாள். வயிற்றுவலி வந்தவளைப்போல முனகிப் பழகிய நாள் அது.

அன்று அம்மா வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வயிற்றில் கை வைத்து, கதை படித்துச் சொன்னார். அவ்வளவு நல்ல பகலை வாலு அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமும் குற்ற உணர்வும் சேர்ந்தே வரும்.

பெரியவருக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. இரண்டு மாதம் முன்பு அவர் பாதத்தில் நிஜமாகவே முள் குத்தியது. அம்மா முள்ளை எடுத்துவிட்டு, மூன்று நாள் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் ஆறியது. மடியும் போய்விட்டது. அந்த வீட்டில் மடி எப்போதும் நோயாளிக்குத்தான். நன்றாக இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு நிரம்பும், அவ்வளவுதான். அதை வாலுவைவிட நன்றாக அறிந்தவர் யார்?

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்களே. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாலு வீட்டுப்பாட நோட்டை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். நாளைக்கு ஊசி போட்டு, பெரியவர் கண்ணைத் திறக்காமலே போய்விட்டால் என்ற நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டாள்.

மருத்துவமனையில் அப்பா ஒரு வாத்தின் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்திருந்தார். அம்மா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, யாராவது நொண்டுற நாயைக் கொண்டுவந்தா முதல்ல என்ன கேப்பீங்க?"

"எந்தக் கால், எப்போலேருந்து, எப்பெல்லாம் நொண்டுதுன்னு கேப்போம்," என்றார் அம்மா.

"பெரியவருக்கு 'எப்பெல்லாம்'னு யாருமே எழுதலையே."

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் உள்ள நாய்க்கெல்லாம் கேட்கும் கேள்வி அது. சொந்த நாய்க்குக் கேட்க மறந்து போயிருந்தார்கள்.

வாலு அவர்களைக் கதவுக் கண்ணாடி அருகே நிறுத்தினாள். அவளுக்கு எட்டாததால் ஒரு முக்காலியை, நிஜ முக்காலியைத்தான், இழுத்துப்போட்டு ஏறிக்கொண்டாள். மூன்று பேரும் சத்தம் இல்லாமல் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பெரியவர் சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்து, வலியால் ஊன்றவே முடியாத அந்த வலது பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அம்மா கதவுப் பிடியைத் திருகினார். பெரியவர் துள்ளிக் கீழே இறங்கினார். அவசரத்தில் எந்தக் கால் என்பதே மறந்துவிட்டது போலும். இந்த முறை முன்னங்காலைத் தூக்கினார்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "இது உனக்கு எப்படிடா தோணுச்சு?" என்று கேட்டார்.

வாலு முக்காலியிலிருந்து இறங்கினாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன மாசம் எனக்கு வயிறு வலிக்கலைம்மா."

அம்மா ஒரு முயலின் காதைத் தொட்டே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடக் கூடியவர். பெற்ற மகளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது தெரியாமல் போய்விட்டதே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் வாலுவையும் மறு கையால் பெரியவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய். நாங்க ரெண்டு டாக்டர் இருந்தும் தெரியலை," என்றார்.

அப்பா சனிக்கிழமை ஸ்கேனை ரத்து செய்யத் தொலைபேசியை எடுத்தார். இன்னும் ஒரு வாரம் பெரியவர் நடப்பதை ஒளிந்திருந்து கவனிப்பது என்றும் முடிவானது.

மருந்தைச் சொன்னது வாலுதான். மருத்துவமனை வாசலில் 'அவசர நோயாளிகளுக்கு முன்னுரிமை' என்று ஒரு பலகை இருந்தது. அவள் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வீட்டுப் பக்கக் கதவில் ஒட்டினாள். 'நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும். மாலை ஆறு முதல் ஆறரை வரை.'

முதல் நாள் பெரியவர் பழக்க தோஷத்தில் நொண்டிக்கொண்டே வந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அலுத்துப்போய்க் காலைக் கீழே வைத்த நொடியில் அம்மாவின் மடி கிடைத்தது. ஐந்தாம் நாள் அவர் நான்கு காலில் ஓடிவந்து முதல் ஆளாக உட்கார்ந்தார். எட்டாம் நாள், குளிர்பெட்டியில் இருந்த தாளை அப்பா கழற்றினார்.

அன்று மாலையும் தரைவிரிப்பில் வரிசை கூடியது. பெரியவர், முக்காலி, முயல் எல்லோருக்கும் முறை வந்தது. அவசரம் வந்து சேரத்தான் நேரமாகிவிட்டது. ஆமைக்கும் பின்னால் கடைசியாக வாலு நின்றாள்.

"அடுத்து யாரு? சொல்லுங்க, உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லை, டாக்டர்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை."

"அப்போ வா," என்று அம்மா மடியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டார். தன் முறை முடிந்தும் அங்கேயே தலை வைத்துப் படுத்திருந்த பெரியவர், தலையைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.