பின்பக்கம், இடது

தங்கையின் அழைப்பு வந்ததும் பெரியவள் டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்தினாள். "இரு அக்கா, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று சின்னவள் கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் பெரியவளுக்குப் பின்னால், இடப்பக்கம், யாரோ ஒரு டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. குடித்து முடித்த கை அரைக் கவனத்தோடு டம்ளரை மேசைமேல் வைக்கும்போது எழுகிற சின்ன 'டொக்', அதை ஒட்டித் தாகம் தணிந்தவர் விடுகிற ஒரு மூச்சு. கைப்பேசியில் அது கேட்கவே இல்லை. அவள் திரும்பினாள். சோபாவுக்குப் பின்னால் சுவர். சுவரில், உட்கார்ந்திருப்பவர் காதுக்குச் சற்று மேலே, போன வாரம் மாட்டிய ஸ்பீக்கர். செங்கல் அளவுப் பெட்டி, முகத்தில் கறுப்புத் துணி. பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் வீடே கிடையாது. மூன்றாவது மாடியின் வெறும் காற்றுதான்.

"ம், சொல்லுக்கா" என்று சின்னவள் கைப்பேசிக்குத் திரும்பி வந்தாள்.

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் பெயர்கள் இல்லாமல் இல்லை. பிறந்த வீட்டில் யாரும் அவற்றைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் கிடந்துவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் செருப்பைக்கூட ஓசையில்லாமல் கழற்றுவார். பிள்ளைகள் இல்லை. மாலை நேரத்தில் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசும்.

சின்னவள் வீடு அப்படியில்லை. கேட்டைத் திறந்தாலே 'கீ...ச்' என்று இழுத்துக் கத்தும். உள்ளே மாமியாரின் இருமல், மாப்பிள்ளையின் சிரிப்பு, பல் முளைக்கத் தொடங்கிய கைக்குழந்தையின் கூச்சல். அந்தக் குட்டியைக் குளிப்பாட்டும்போது சின்னவள் வாய்க்குள் ஏதோ ஒரு மெட்டை முனகுவாள். இதெல்லாம் போதாதென்று மாப்பிள்ளை ஓர் அறையையே தியேட்டர் ஆக்கியிருந்தார். கூரையிலிருந்தெல்லாம் சத்தம் இறங்கியது. முதல்நாள் அங்கே உட்கார்ந்து படம் பார்த்தபோது பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்கு வந்தா எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்குக்கா" என்று சின்னவள் அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னாள். விளையாட்டுதான். ஆனாலும் அந்த வார்த்தை முள்ளாய்த் தங்கிவிட்டது.

அதனால்தான் பெரியவள் ஸ்பீக்கர் கடை ஏறினாள். விற்பனையாளர் நடுவயதுக்காரர், பொறுமைசாலி.

"பட்ஜெட் எவ்வளவு மேடம்?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவர் முகம் சுளிக்கவில்லை.

"சவுண்ட்பார் எடுத்தா இடம் மிச்சம். ஆனா சத்தம் முன்னாடியிருந்து மட்டும்தான் வரும். சுத்தி வரணும்னா பின்னாடி ரெண்டு கட்டாயம் வேணும். கம்பெனிப் பேரைப் பாக்காதீங்க, உங்க ஹாலைப் பாருங்க. சின்ன ஹாலுக்கு அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் தாராளம்."

"பின்னாடி யாரோ இருக்கற மாதிரி கேக்குமா?"

"இருக்கற மாதிரியேதான் கேக்கும்."

கடையில் ஓட்டிக் காட்டுவதற்காக வைத்திருந்த செட் அது. அட்டைப்பெட்டி இல்லை, விலை இறங்கி வந்தது. அவரே வந்து ஒயர் இழுத்து மாட்டிக் கொடுத்தார். கணவர் ஒரு படத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "காது வலிக்குது, கொறைச்சு வை" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த டம்ளர் சத்தத்துக்கு அடுத்த நாள், மாலை வெயில் ஹாலின் தரையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்த நேரத்தில், ஓடாத டிவியின் முன் பெரியவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இடப்பக்கம் ஒரு கேட்டு 'கீ...ச்' என்று இழுத்துத் திறந்தது. கத்தி அவள் கையிலேயே நின்றது. செருப்புகள் படியேறின. ஒரு கிழட்டு இருமல், இரண்டு தவணையாய், நடுவில் சளியை விழுங்குகிற இடைவெளியோடு. பிறகு சோப்பு நுரைத் தண்ணீர் வாளியில் தளும்பும் சத்தமும், அதற்குமேல் அந்த முனகலும். அவளுக்கு அந்த மெட்டைத் தெரியும். சின்னவயதில் இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்துக் கேட்ட அம்மாவின் மெட்டு. பெரியவளுக்கு அது வாயில் வந்ததே இல்லை. சின்னவளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் ஸ்பீக்கரை அணைக்கவில்லை. விளக்கைக்கூடப் போடவில்லை. இருட்டு வந்து முழங்காலைத் தொடும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் சின்னவள் பேசினாள். "எங்க தியேட்டர் படுத்துடுச்சுக்கா. படம் ஓடுது, ஒரு ஸ்பீக்கர்லயும் மூச்சு இல்ல. மெக்கானிக் வந்து பாத்துட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னுட்டுப் போறான்."

"அடடா" என்றாள் பெரியவள். உள்ளே ஏதோ ஒன்று இதமாகக் குளிர்ந்தது.

"வாசல் கேட்டு வேற சத்தமே போட மாட்டேங்குது. எண்ணெய்கூட விடல. அத்தை இருமறாங்க, நெஞ்சு குலுங்குது, சத்தம் வரல. வீடே உன் வீடு மாதிரி ஆயிடுச்சு, போ." சின்னவள் சிரித்தாள். கைப்பேசியில் அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. மீதிப் பாதி பின்னால் கேட்டது.

மறுநாள் கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கதவருகிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே தலையைச் சாய்த்துக் கேட்டார். ஹாலில் அந்த முனகல் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு பாடறது?"

"சீரியல்ல."

"நல்லா இருக்கு." அவர் முகத்தில் கல்யாணமான புதிதில் பார்த்த தளர்வு தெரிந்தது. "அணைக்காத. ஓடட்டும்."

அவளிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவள் பேசினால் செய்தித்தாளைப் புரட்டுகிற மனுஷன், தங்கையின் குரலுக்குச் சோபாவில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெரியவளுக்குத் தொண்டைவரை கசந்தது. கசப்போடு கசப்பாக, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். "அக்கா, அவளுக்குக் குரலே வரல. டாக்டர் குழாய் விட்டுப் பாத்துட்டார். தொண்டை சுத்தமா இருக்குங்கறார். நீங்க கொஞ்சம் அவகிட்டப் பேசுங்க, கேட்டுட்டாவது இருப்பா."

கைப்பேசி கைமாறியது. அந்தப் பக்கம் உதடுகள் பிரிந்து ஒட்டும் ஈரம்கூடக் கேட்கவில்லை. ஆனால் பெரியவளின் இடத்தோளுக்குப் பின்னால், மிக அருகில், "அக்கா" என்றது ஸ்பீக்கர்.

அவள் பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினாள்.

"...க்கா" என்றது கைப்பேசி. "அக்கா, வந்துடுச்சு. வந்துடுச்சுக்கா." சின்னவள் விம்மி அழுதாள். அங்கே மாப்பிள்ளை சத்தம்போட்டு அம்மாவைக் கூப்பிட்டார். வாசல் கேட்டு 'கீ...ச்' என்று கத்தியது. குட்டி வீரிட்டது. அந்த வீடு முழுக்கக் கைப்பேசிக்குள் அடித்துப்பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

பெரியவள் ஒயரின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். செப்பு மயிரிழைகள் விரலில் குத்தின. அழைப்பு முடிந்தது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கணவர் வருவார், செருப்பைக் கழற்றுவார், தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்ப்பார், உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்.

சின்னவளுக்கு என்னதான் இல்லை, இதுவும் அவளுக்கேவா?

ஒயரைத் திரும்பச் செருகினாள்.

அடுத்த நாள் பிற்பகலில் சின்னவள் தானே வந்தாள், இடுப்பில் குட்டியோடு. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. சோபாவில் உட்கார்ந்து அக்காவின் முகத்தையே பார்த்தாள். உதடுகள் அசைந்தன. ஓசை இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, அவள் தலைக்குப் பின்னாலிருந்து அவள் குரலே வந்தது. "பயமா இருக்குக்கா."

சின்னவள் மெதுவாகத் திரும்பினாள். கறுப்புத் துணியைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் கேள்வி இருந்தது. அப்புறம் இல்லை.

"டிவி" என்றாள் பெரியவள். "டிவி ஓடுது."

டிவி ஓடவில்லை.

சின்னவள் எழுந்து ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டினாள். பெரியவள் குறுக்கே வந்து நின்றாள். சின்னவள் வாய் திறந்து எதையோ கத்தினாள், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். சுவர் கத்தியது. "குடுத்துடுக்கா. என்னத்த வேணா எடுத்துக்கோ, அத மட்டும் குடுத்துடு." குட்டி மிரண்டு சுவரைப் பார்த்து, அம்மாவைத் தேடி, சுவரை நோக்கியே கையை நீட்டி அழுதது. அழுகை குட்டியின் வாயிலிருந்துதான் வந்தது. வாசல்வரை வாயிலிருந்துதான் வந்தது. பெரியவள் அவர்களைப் பின்னாலிருந்து தள்ளி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். படிக்கட்டில் அந்த அழுகை ஒரு மாடி இறங்கியது.

பிறகு, நடுவில் அறுந்தது.

பின்னால், இடப்பக்கம், தொடர்ந்தது.

மழை வந்தது. சன்னல் கண்ணாடியில் சாரல் அறைந்தது. பெரியவள் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஒயர் தாராளமாக நீண்டது. மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெட்டி எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. பால் புளித்த வாடை லேசாக வந்தது.

"ம்மா" என்றது.

"என்னம்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

அழுகை ஓயவில்லை. தட்டிக்கொடுத்தாள். அவளுக்கு வராத மெட்டை முனகிப் பார்த்தாள். வந்தது. எங்கும் பிசகாமல் வந்தது. அழுகை விக்கலாகி, விக்கல் தேம்பலாகி, தேம்பலும் தேய்ந்தது.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் மாப்பிள்ளை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஒரு செய்தி வந்தது. இருந்த இடத்திலிருந்தே அவளால் படிக்க முடிந்தது. 'அக்கா குட்டி மூச்சு விடற மாதிரியே தெரியல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கோம் போனை எடுங்க.'

மடியில் மூச்சு கேட்டது.

சின்ன மூச்சு. உள்ளே. வெளியே. நடுவில் ஓர் ஈர இழுப்பு.

அவள் கை ஒயருக்குப் போனது. பிடித்தது. ஒரே இழுப்பு, அவ்வளவுதான். துணிக்கு அடியில் அந்த மூச்சு ஒருமுறை தட்டுத் தடுமாறி, அவள் மணிக்கட்டின் சூட்டைத் தேடுவதுபோல் ஒட்டி வந்தது.

விரல்களை எடுத்துவிட்டாள்.

பூட்டில் சாவி திரும்பியது. கணவர் உள்ளே வந்தார். நனைந்த சட்டையோடு கதவருகில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். விளக்கைப் போடப் போன கை பாதியிலேயே இறங்கியது. செருப்பை ஓசையில்லாமல் கழற்றினார். குதிகாலைத் தூக்கி நடந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

"தூங்கிடுச்சா?" என்று கிசுகிசுத்தார்.

அவள் தலையசைத்தாள். மேசையில் கைப்பேசி இன்னும் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து போய், கனத்த துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினார். திரும்பி வந்து ஒற்றை விரலால், மிக மென்மையாக, அவள் மடியைத் தொட்டார்.

கறுப்புத் துணி மெல்ல உப்பியது. மெல்ல அமுங்கியது.