எங்கே வைத்தாலும் கேட்ட துடிப்பு

வயிற்றில் எங்கே வைத்தாலும் அதே சத்தம்தான் கேட்டது.

வலப்பக்கம், இடப்பக்கம், தொப்புளுக்குக் கீழே என்று, கருவின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை நகர்த்திக்கொண்டே போனாள் நர்ஸ். அதன் கரகரப்புக்கு நடுவே, ஈரத்துணியை அடித்துத் துவைப்பதுபோல் சளப் சளப்பென்று துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மாதப் பிள்ளை எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும் அதன் நெஞ்சு ஓரிடத்தில்தானே இருக்கும்? அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் கட்டிலில் கிடந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. காலையில் இதே சத்தத்தைக் கேட்டு, "உன் பையன் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராயிட்டான்டி" என்று கேலி செய்து மனம் குளிர்ந்தவளும் இந்த அக்காதான்.

சில நாட்களாகத் தங்கைக்கு நீர்க்கடுப்பு. உடம்புச் சூடு, நிறையத் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று தங்கையே சொல்லிச் சமாளித்துவிட்டாள். நேற்று விலாவுக்குக் கீழே வலி, கட்டிலே ஆடும்படி குளிர்காய்ச்சல். இன்று காய்ச்சல் விட்டதும் வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ஆனால் கால் ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறது? முழங்காலில் ஊதாத் திட்டுகள் படர்ந்திருந்தன. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. காலையிலிருந்து சொட்டுச் சிறுநீர் போகவில்லை. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்று நர்ஸுக்குப் புரிந்தது.

வெளியே போயிருந்த டாக்டரைப் போனில் பிடித்தாள். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நரம்பில் ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொன்னார். டிரிப்ஸை வேகமாக ஓடவிடச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸை அவரே அழைத்தார். நரம்பு அகப்படவே இல்லை. குத்திக் குத்தி ஒருவழியாக ஊசி ஏறியது. மருந்து உள்ளே போனது.

"குழந்தை துடிப்பு?" மறுபடி போனில் வந்த டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்கு டாக்டர். நூத்தம்பது."

"அம்மாவோட நாடி?"

அதை அவள் பார்க்கவே இல்லை.

ஒரு கையில் கருவி. மறு கையின் விரல்களைத் தங்கையின் மணிக்கட்டில் வைத்தாள்.

சளப். விரலடியில் ஒரு துள்ளல்.

சளப். மறுபடியும்.

ஒன்றாக. இம்மியும் பிசகாமல்.

ஒரே நெஞ்சு. தங்கையுடையது மட்டும்.

அப்படியானால், காலையில் கேட்டது?

கருவியை எடுக்கப் போன கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் சூடே இல்லை.

"நிறுத்தாதக்கா. இவன் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு."

நர்ஸ் நிறுத்தவில்லை. தொலைவில் ஆம்புலன்ஸ் அலறியது. சீக்கிரம் வா. சீக்கிரம் வா. கடவுளே, இவளையாவது விட்டுவிடு.

தங்கை கண்ணை மூடிச் சிரித்தாள். துடிப்புக்கு ஏற்றபடி வயிற்றை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

சத்தம் தடுக்கியது. விரலடியில் நாடியும் தடுக்கியது.

தட்டிக்கொண்டிருந்த கை, அடுத்த துடிப்புக்காக, வயிற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.