தாய்வழி மருந்து

சந்திரனின் மூன்றாம் குடியிருப்பில், கீரை வாங்கிவிட்டு வந்த செண்பகவல்லி வழக்கம்போல மருத்துவக் கூண்டுக்குள் நுழைந்து விரலை நீட்டினாள்.

"ஈரலில் புற்றுநோய், அம்மா. ஆரம்பம்தான்" என்றது இயந்திரம்.

புற்றுநோயை அங்கே யாரும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உணவை எரித்துச் சக்தி தரும் அடுப்புகள் உண்டு. இழைமணிகள் என்று பெயர். தம்மைக் கொல்ல வரும் காவல் செல்களிடமிருந்தே அவற்றைப் புற்றுச் செல்கள் திருடிவிடும். அடுப்பிழந்த காவலர்கள் சோர்ந்துபோவார்கள். அவர்களுக்குப் புது இழைமணிகளை ஏற்றிவிட்டால் போதும்.

"இழைமணி தாயிடமிருந்துதான் பிள்ளைக்குப் போகிறது. மகனுடையதும் நீங்கள் கொடுத்ததே. இளவயது என்பதால், அவர் ரத்தத்திலிருந்து எடுப்பது நல்லது" என்றது இயந்திரம்.

நோய் வந்த கவலையே அவளுக்கு மறந்துபோயிற்று. குகன் வருவான்! சந்திரனைச் சுற்றும் விண்நிலையத்துக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். இத்தனைக்கும் தினமும் விண்ணோடம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் திரையில் அழைத்தாள்.

"எனக்குக் கேன்சராம்ப்பா. உன் ரத்தம் வேணுமாம். எப்ப வர்ற?"

"அடடா. கவலப்படாதம்மா, இன்னிக்கே ஏற்பாடு பண்ணிடறேன்" என்றான் குகன், வேறெதையோ தட்டிக்கொண்டே.

அவன் படுக்கையை உதறி விரித்தாள். சுண்டைக்காய் வற்றல் போட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாள் ஓடம் வந்த கையோடு வாசலில் மணி அடித்தது. தலையைக் கோதிக்கொண்டே ஓடிப்போய்த் திறந்தாள்.

அஞ்சல் இயந்திரம் ஒரு குளிர்பெட்டியை நீட்டியது.

அதை அவள் பிரிக்கவே இல்லை. "மருந்து வழியிலயே கெட்டுப்போச்சுப்பா" என்று மகனிடம் பொய் சொன்னாள். குகனின் முகம் வாடியது. அந்த வாட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி நம்பிக்கை துளிர்த்தது.

"இரும்மா. இந்தத் தடவ நானே நேர்ல நின்னு பாக்கறேன்."

அடுத்த ஓடத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. நேரில் நின்று, அவனே பார்த்துக் கட்டியிருந்தான். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கட்டுமாம்.

செண்பகவல்லி பெட்டிகளோடு கூண்டுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"மகனுக்கு உங்கள்மேல் கொள்ளைப் பாசம்" என்றது இயந்திரம், ஊசியை ஏற்றிக்கொண்டே.

வாரம் திரும்புவதற்குள் நோய் போய்விட்டது. குகன் திரையில் வந்து சிரித்தான்.

"பாத்தியாம்மா? நான் கெளம்பி வந்திருந்தா அநாவசியமா லீவுதான் வீணாப் போயிருக்கும்."

"ஆமாம்ப்பா" என்றாள் செண்பகவல்லி. "சாப்ட்டியா?"