பெட்டி விளிம்பில் பிசிறிய குரல்

மழைக்கு ஒதுங்கின மாதிரியும் இருக்கட்டும், வாங்க வேண்டியதை வாங்கின மாதிரியும் இருக்கட்டும் என்றுதான் அவள் அந்தக் கம்பளித்துணிக் கடைக்குள் நுழைந்தாள். அப்பா நாற்காலியை இழுக்கும்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்... நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்ட ஒரு துண்டு வேண்டும்.

"நல்லா தடிமனா ஒரு துண்டு கிடைக்குமாங்க?"

பக்கத்தில் துணியை அளந்துகொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினான். நனைந்த தலைமுடி, சட்டைப்பையில் ஸ்க்ரூட்ரைவர், இமைக்க மறந்த கண்கள்...

"நீங்க... ரேடியோவுல காலை ஏழு மணிச் செய்தி வாசிக்கிறவங்கதானே?"

அவளுக்குக் கன்னம் சூடேறியது. முகம் தெரியாத வேலை அது. குரலை வைத்து ஒருவன் தன்னைக் கண்டுபிடிப்பது இதுதான் முதல் தடவை.

"நான் லிப்ட் மெக்கானிக்குங்க. வீட்டுல சொந்தமா ஸ்பீக்கர் செய்வேன். உங்க குரலைப் போட்டுத்தான் சரிபார்ப்பேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம்... "ஆனா நீங்க 'ச' சொல்றப்ப மட்டும் காதுல ஊசி குத்துது."

மலர்ந்த முகம் வாடிப்போயிற்று. இரண்டு மாதம் முன்பு பெரிய வானொலி நிலையம் ஒன்றின் குரல் தேர்வில் காரணம் சொல்லாமலே அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓ... இதுதான் காரணமா?

"அப்ப ரேடியோவை அணைச்சுடுங்க."

வந்த வேலையையும் மறந்து மழையிலேயே இறங்கி நடந்தாள். மறுநாளே வாசிப்பை விட்டு, செய்தி எழுதும் மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து நிலையத்தின் வரவேற்பறையிலிருந்து அழைப்பு. போனால்... அவன். மழைக்கோட்டைத் தன் ஸ்பீக்கர் மரப்பெட்டிக்குப் போர்த்தியிருந்தான். ஆள் தொப்பலாக நனைந்திருந்தான்.

"பத்து நாளா உங்க குரல் வரலை. என்னாலதானோன்னு மனசு கேக்கலை. ரெண்டே நிமிஷம் கேளுங்க."

பழைய செய்தி ஒன்றைப் பதிந்து வைத்திருந்தான். ஒலித்தது. 'ச' வரும் இடமெல்லாம் குத்தியது. அவள் தலைகுனிந்தாள்.

அவன் கம்பளித் துண்டை எடுத்து, பெட்டியின் முகப்பில் சின்ன ஸ்பீக்கரைச் சுற்றி ஒட்டினான். மறுபடி அதே செய்தி... பிசிறே இல்லை.

"குரலை என்ன செஞ்சீங்க?"

"குரலைத் தொடவேயில்லை. சத்தம் நேரா காதுக்கும் வரும். கொஞ்சம் முகப்புல படர்ந்து, விளிம்புல பட்டுச் சிதறி, துளி தாமதமா வந்து கலக்கும். அதான் குத்துச்சு. விளிம்புக்குப் போறதுக்குள்ள இந்தக் கம்பளி அதை உறிஞ்சிடுது. தப்பு என் பெட்டியில... பழியை உங்க மேல போட்டுட்டேன்."

அவள் அந்தக் கம்பளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதை போன்லயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இந்த மழையில சுமந்துக்கிட்டு..."

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிபார்க்க எந்தக் குரலைப் போட்டாலும் ஆகும்ங்க. மூணு வருஷமா உங்க குரலை மட்டும்தான் போடுறேன். குரலைத்தான் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்... கடையில உங்களைப் பார்த்தப்புறம் அப்படிச் சொல்லிக்க முடியலை."

ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது...

"திங்கக்கிழமையிலிருந்து மறுபடியும் நான்தான் வாசிக்கப் போறேன்," என்றாள் மெதுவாக. "ஏழரைக்கு முடிஞ்சிடும். வாசல்ல வந்து நிப்பீங்களா? எனக்கும்... உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு."